மேடையில் கைகளை என்ன செய்வது?

கேள்வி: அண்மையில் ஆசிரியையாக நியமனம் பெற்றேன். பரிசளிப்பு விழாவில் உரையாற்றும்படி அதிபர் கேட்டிருக்கிறார். கைகளை ஆட்டிப் பேசுவது அடக்கமில்லாத செயல் என்கிறார் அம்மா. அசையாமல் நின்றால் மரக்கட்டை போல இருக்கும் என்கிறார்கள் சக ஆசிரியைகள். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் கவலைக்குக் காரணம் உண்டு. 'வானம்' என்றால் மேலே கை, 'நெஞ்சம்' என்றால் மார்பில் கை என்று சொல்லுக்கொரு சைகை பழக்கப்பட்ட பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிகளில் நிறையவே பார்த்திருக்கிறோம். அடுத்த அசைவை நினைவுகூர்வதிலேயே கவனம் போய்விடுவதால் அந்தப் பிள்ளைகள் சபையைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம். ஆனால் கோயிலில் கந்தபுராண படனம் நடக்கையில், சூரன் மாமரமாய் நின்ற இடத்துக்குப் பயன் சொல்பவரின், அதாவது பாட்டுக்குப் பொருள் விளக்குபவரின், கை எழுவதை அம்மாவும் அடக்கமின்மை என்று சொல்லமாட்டார்.

பிறவியிலேயே பார்வையற்றவர்கள், பார்வையற்ற இன்னொருவரோடு பேசும்போதும் கைகளை அசைக்கிறார்கள் என்று ஐவர்சன், கோல்டின்-மெடோ என்னும் ஆய்வாளர்கள் 1998இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பேச்சோடு கூடவே வருவதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. தடுக்காமல் விட்டாலே போதும்.

சேலைத் தலைப்பைத் திருகுவதும் மேசை விளிம்பை இறுகப் பற்றுவதும் கையைத் தடுப்பவை. மெல்லிய தாளைப் பிடித்திருந்தால் விரலின் சிறு நடுக்கமும் தாளின் நுனியில் பெரிதாகத் தெரியும் என்பதால், குறிப்புகளைத் தடித்த அட்டையில் எழுதி மேசையில் வையுங்கள். வணக்கம் சொல்லிக் கூப்பிய கைகளை மெதுவாக இறக்கி, இடுப்புக்குச் சற்று மேலே இறுக்கமின்றி வைத்துக்கொண்டால், அங்கிருந்து அவை எழுவது எளிது. கை சொல்லுக்குச் சற்று முன்னரோ சொல்லோடு சேர்ந்தோ எழ வேண்டும். 'மூன்று காரணங்கள்' என்று சொல்லி முடித்த பின்னர் மூன்று விரல்கள் நீண்டால், மனப்பாடம் என்று சபைக்குத் தெரிந்துவிடும்.

முதலாம் நூற்றாண்டில் உரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், இடக்கை தனியே சைகை செய்வது சரியன்று என்று எழுதினார். இடக்கையால் சுட்டுவதை நம் பெரியவர்களும் விரும்புவதில்லை. ஆகவே கையில் பிடிக்கும் ஒலிவாங்கி தரப்பட்டால், வலக்கையால் வாங்கி இடக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரதம விருந்தினரைக் குறிக்கும்போது ஒற்றை விரலை நீட்டாமல், உள்ளங்கை மேல்நோக்க விரித்த கையால் குறியுங்கள். அம்மா எதிர்பார்க்கும் அடக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

கண்ணாடி முன் நின்று பழக வேண்டாம். அது உங்கள் கவனத்தை மீண்டும் கைகளுக்கே இழுக்கும். உரையை அம்மாவுக்கே சொல்லிக் காட்டுங்கள், வீட்டில் ஒருவர் அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். பின்னர் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் குறைத்துக்கொண்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.