ஆணுறை போட்டும் எரிகிறதே: கேள்வி பதில்

கேள்வி: ஆணுறை அணிந்துதான் உறவு கொண்டேன், கிழியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து சிறுநீர் எரிகிறது, அரை மணிக்கொரு முறை போகிறேன். சீழ் வருகிறதா என்று அழுத்திப் பார்த்தால் தெளிவாக ஒரு துளி வருகிறது.

பதில்: முதலில் கையை எடுங்கள். பிதுக்கப் பிதுக்கச் சிறுநீர்க்குழாயின் உட்பக்கம் ரணமாகும், எரியும், கசியும். அந்தத் துளியைப் பார்த்துப் பயந்து மறுபடி பிதுக்குவீர்கள். கொனோரியா என்ற பால்வினை நோயின் சீழைத் தேட வேண்டியதில்லை. ஆண்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் கெட்டியாக, மஞ்சளாக வந்து உள்ளாடையில் கறையாகும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் அப்படியல்ல, 1 முதல் 3 வாரம் எடுக்கும், பலருக்கு அறிகுறியே இருக்காது.

ஆணுறை இரண்டையும் பெருமளவு தடுக்கும், ஆரம்பம் முதல் கடைசி வரை போட்டிருந்தால். வாய்வழி உறவின்போது போட்டிருந்தீர்களா? இதை மட்டும் யாரும் எழுதுவதில்லை! தொண்டையில் இருக்கும் கொனோரியா அந்த வழியிலும் தொற்றும். ஆணுறையின் லேடெக்ஸோ விந்துக்கொல்லி மருந்தோ ஒத்துக்கொள்ளாமலும் எரியலாம். பயத்தில் இடுப்படித் தசைகள் இறுகினாலும் அடிக்கடி முட்டும்.

உறவுக்கு 2 வாரம் கழித்து சிறுநீரில் நாட் (NAAT, கிருமியின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை செய்யுங்கள். சீழ் வந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரமாவது அடக்கியிருந்து, முதலில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். நடுவில் வருவதைப் பிடிப்பது சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கான கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு.

கேள்வி: நான் பெண். ஆணுறையோடுதான் உறவு. மறுநாளே நீர்க்கடுப்பு.

பதில்: சாதாரண சிறுநீர்த் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடலில் வாழும் ஈ.கோலை உறவின்போது சிறுநீர்த் துவாரத்துக்குள் தள்ளப்படுகிறது. ஆணுறை அதைத் தடுக்காது. விந்துக்கொல்லி பூசியதென்றால் வாய்ப்பு இன்னும் கூடும், மாற்றிவிடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: எரிச்சல் எச்ஐவி அறிகுறியா?

பதில்: இல்லை. ஆணுறை கிழிந்திருந்தால் மட்டும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு பரிசோதனை? மிச்சமிருந்த அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்று போட்டேன், இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

பதில்: எது சரியானது? தொற்றே இல்லாமல் தானாக அடங்கியிருக்கலாம். கொனோரியா என்றால் அந்த மாத்திரைக்குப் பழகிப்போன கிருமிகள் ஏராளம். அதற்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான். கிளமிடியாவுக்கே இப்போது முதல் தேர்வு 7 நாள் டாக்ஸிசைக்ளின்.

அவரே மீண்டும்: அனுபவத்தைச் சொன்னேன். பயமுறுத்துவதுதான் உங்கள் வேலையா?

பதில்: பயமுறுத்தவில்லை ஐயா. அரைகுறையாக மருந்து போட்டால் பரிசோதனையும் பொய் சொல்லும், கிருமியும் தேறிவிடும். அப்புறம் உங்கள் துணைக்கு வந்தால் அதுவும் அனுபவம்தான். எஞ்சிய மாத்திரையை யாரும் போடாதீர்கள்.

கேள்வி: ஆணுறை போட்டிருந்தேன். ஒரு நாளைக்கு 14 முறை போகிறது. தொற்று வெளியேறட்டும் என்று 6 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன்.

பதில்: 6 லிட்டர் குடித்தால் 14 முறை போகத்தான் செய்யும். குறையுங்கள். மற்றதெல்லாம் முதல் பதிலில்.

கேள்வி: எனக்கும் எரிச்சல், ஆணுறை போட்டிருந்தேன்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: படித்தேன். தினம் காலையில் ஒரே ஒரு முறை அழுத்திப் பார்க்கலாமா?

பதில்: கூடாது.