ஹம்சா சௌத்ரி யாருடைய வீரர்?

கேள்வி: வங்கதேசக் கால்பந்து அணிக்கு ஆடும் ஹம்சா சௌத்ரி பாதி வங்காளிதானே? இங்கிலாந்து அணியில் இடம் கிடைக்காததால் வந்து சேர்ந்த ஓர் ஒட்டுச்செடியை அந்நாட்டு மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது சரியா? நாளை இந்தியாவும் இப்படி ஆள் சேர்த்தால், எங்கள் மலையில் பந்தாடும் பிள்ளைகளின் இடம் பறிபோகாதா?
(ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு ‘ஒட்டு’ என்ற சொல்லை வசையாக எழுதியிருக்கிறீர்கள். மலையடிவாரத் தோப்புகளில் மல்கோவாவையும் பெங்களூராவையும் ஒட்டுக் கன்றுகளாகத்தான் நடுகிறார்கள். அந்த மரத்தில் காய்ப்பதை யாரும் பாதிப் பழம் என்று எடை போடுவதில்லை. மனிதரிடம் மட்டும் ஏன் அந்தக் கணக்கைப் பார்க்கிறீர்கள்?

ஹம்சா 1997இல் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் பிறந்தவர். பெற்ற தந்தை கரீபியத் தீவான கிரெனடாவின் வழிவந்தவர். தாயும் வளர்த்த தந்தையும் வங்கதேசத்தவர். ஹபிகஞ்ச் மாவட்டத்திலுள்ள குடும்பத்துக் கிராமத்துக்குச் சிறுவயதிலேயே போய்வந்து, சில்ஹெட் பகுதி மக்கள் பேசும் மொழியை வீட்டில் கேட்டும் பேசியும் வளர்ந்தவர். 2025 மார்ச்சில் அவர் அந்தக் கிராமத்துக்கு வந்தபோது வழியெங்கும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்களே, அவர்கள் ஓர் அந்நியரை வரவேற்கவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் பெரிய ஆளாகித் திரும்பியதைப் பார்க்க வந்தார்கள்.

இங்கிலாந்து மூத்தோர் அணி அவரை அழைக்கவில்லை என்பது உண்மை. 21 வயதுக்குட்பட்டோர் அணிக்காக ஏழு ஆட்டங்கள் ஆடியதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஆனால் அதைக் கொண்டு அவரைக் கழித்துப்போட்ட சரக்காக நீங்கள் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021ஆம் ஆண்டு, இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் செல்சியை அவருடைய கிளப்பான லெஸ்டர் சிட்டி 1–0 என்று வென்ற நாளில் மாற்று வீரராக இறங்கி ஆடியவர் அவர். வங்கதேசத்துக்கு ஆட உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் அனுமதி 2024 டிசம்பரில் கிடைத்து, மறு மார்ச்சில் ஷில்லாங்கில் நம் அணிக்கு எதிராக அவர் முதன்முதலாகக் களமிறங்கியபோது, உலகத் தரவரிசையில் வங்கதேசம் இருந்தது 185ஆம் இடம். பிழைப்புக்காகவோ புகழுக்காகவோ ஒருவர் தேடிப்போகும் இடமா அது? அந்த ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஓய்விலிருந்து திரும்பிவந்த சுனில் சேத்ரியாலும் கோல் போட முடியவில்லை.

அவருடைய ஆட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நடுக்களத்தில் தற்காப்பைக் கவனிக்கும் மிட்ஃபீல்டரின் பெயர் கோல் கணக்கில் அதிகம் வராது. எதிரணியின் பந்து எந்த வழியில் வரும் என்று முன்கூட்டி உணர்ந்து அங்கே போய் நிற்பதும், பறித்த பந்தைத் தாமதமின்றித் தன் ஆளிடம் சேர்ப்பதும்தான் அவர் வேலை. 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியா 0–1 என்று தோற்றது. கோல் போட்டவர் ஷேக் மொர்சலின். ஆனால் காவல் இல்லாமல் கிடந்த கோலை நோக்கி நம் வீரர் லாலியன்சுவாலா சாங்தே உதைத்த பந்தைத் தலையால் தட்டி வெளியேற்றியவர் ஹம்சா. அதற்கு முன் வங்கதேசம் நம்மை வென்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டுக்கு இப்படி ஆள் சேர்க்கும் அச்சம் இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை. வங்கதேசச் சட்டம் பிரிட்டிஷ் குடியுரிமையோடு தன் குடியுரிமையையும் வைத்திருக்க இடம் தருகிறது; நம் சட்டம் தருவதில்லை. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற அட்டை வைத்திருப்பவர் இந்தியாவுக்காக ஆட முடியாது. ஆகவே ஜப்பானியத் தாய்க்கும் குஜராத்தித் தந்தைக்கும் பிறந்த நடுக்கள வீரர் அராட்டா இசுமி, பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்த பிறகே 2013இல் நம் சட்டையை அணிந்தார். அப்படித் துறந்து வந்தவரையும் ‘பாதி’ என்பீர்களா? அந்தச் சொல்லை நான் கடுமையாகவே மறுக்கிறேன்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஏனென்றால் கவலை நியாயமானது, காட்டும் திசைதான் தவறு. ஹம்சாவை வளர்த்தெடுத்தது இரு வழி இரத்தம் அல்ல. ஏழு வயதில் அவர் லெஸ்டர் கிளப்பின் பயிற்சிக்கூடத்தில் சேர்க்கப்பட்டார். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக, பயிற்சியாளர்களின் கண்பார்வையில், ஒழுங்கான தரையில், தன் வயதுப் பிள்ளைகளோடு ஓயாமல் ஆட்டங்கள் ஆடி வளர்ந்தார். இதே ஏற்பாடு கிடைத்தால் சேர்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளையும் அந்தத் தூரம் போகக்கூடும்; கிடைக்காதவரை, வெளியிலிருந்து ஒருவர்கூட வராவிட்டாலும் அவனுக்கு அணியில் இடம் இருக்காது. வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் வந்தும் வங்கதேசம் 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை என்பதையும் கவனியுங்கள்; ஓரிருவர் வருகையால் உள்ளூர் அடித்தளம் தானாக உருவாகிவிடாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் ஏழு வயதுக் குழந்தைக்கு வாரத்தில் எத்தனை நாள் பந்து கொடுக்கப்படுகிறது, சொல்லித்தர ஆள் உண்டா, கல் பொறுக்கிய மைதானம் ஒன்றாவது உண்டா என்று விசாரித்து எழுதுங்கள். அதை இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுகிறேன்.