பேக்பைப் பழகுவோர் கேள்விகள்: வாசகர் பகுதி

என் மகனுக்கு 11 வயது. பைப் பேண்டில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் ஒரு சின்னக் குழலைத்தான் ஊத வைக்கிறார்கள், பையைக் கண்ணிலேயே காட்டவில்லை. இது சரிதானா? (வாசகி, டொராண்டோ)

சரிதான் அம்மா. அது பிராக்டிஸ் சாண்டர். சாண்டர் என்பது விரல் வைத்து ஸ்வரம் வாசிக்கும் குழல்; இது பை இல்லாமல் பழகுவதற்கானது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை அதோடுதான் இருக்க வேண்டும். பையிலிருந்து காற்று வந்துகொண்டே இருப்பதால், பேக்பைப்பில் ஒலியை நிறுத்தி நிறுத்தி வாசிக்க முடியாது. நாக்குக்கும் வேலை இல்லை. ஒரே ஸ்வரம் இரண்டு முறை வர வேண்டுமானால், நடுவில் ஒரு விரலைக் கண நேரம் தூக்கி வைத்து வெட்ட வேண்டும். இதுதான் கிரேஸ் நோட். இது கைக்கு வராமல் பையைத் தொட்டால் எல்லாம் குழைந்துவிடும்.

இடது கை மேலே, வலது கை கீழே. முன்னால் ஏழு துளை, பின்னால் இடது கட்டைவிரலுக்கு ஒன்று. வலது கையில் சுண்டுவிரலைத் தவிர மற்ற மூன்றையும் நீட்டி, நடுக்கணுச் சதையால் மூட வேண்டும். வளைத்துப் பிடித்தால் ஓரம் கசிந்து கீழ் ஸ்வரங்கள் கீச்சிடும். ஸ்வரம் மாறும்போது ஒரு விரல் முந்தி இன்னொன்று பிந்தினால் நடுவே கள்ள ஸ்வரம் ஒன்று எட்டிப் பார்க்கும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, காலையும் மாலையும் 20 நிமிடம் போதும்.

கர்நாடக இசை தெரியும். இதில் நம் ராகங்கள் வருமா?

சில வரும். கிடைப்பது ஒன்பதே ஸ்வரம்: ஸட்ஜமத்துக்குக் கீழே ஒரு நிஷாதம், அங்கிருந்து மேல் ஸட்ஜமம் வரை. வரிசை அப்படியே அரிகாம்போதி. ஆகவே மோகனம், மத்யமாவதி, சுத்த சாவேரிக்கு வேண்டிய ஸ்வரங்கள் உண்டு. கல்யாணி, சங்கராபரணத்துக்கு இல்லை. மூன்று ட்ரோன்களும் (தோள் பக்கம் நீளும் குழல்கள்) நம் ஒத்துபோல ஸட்ஜமம் மட்டுமே தரும்: இரண்டு ஒரு ஸ்தாயி கீழே, பெரியது இரண்டு ஸ்தாயி கீழே. அந்த ஸட்ஜமத்தை மேற்கத்திய முறையில் எழுதுவது 'ஏ' என்றாலும் ஒலிப்பது பி ஃப்ளாட்டுக்குச் சற்று மேலே. கீபோர்டோடு சேர்க்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

பையை எடுத்து இரண்டு வாரம். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, சுருதியும் ஏறி இறங்குகிறது. நுரையீரலில் பலம் போதவில்லையா?

நுரையீரலைக் குறை சொல்லும் முன் பையைப் பாருங்கள். ட்ரோன்களையும் சாண்டரையும் கழற்றி, அந்த நான்கு வாய்களையும் தக்கையால் இறுக அடைத்து, பை கல்லுபோல் ஆகும்வரை ஊதுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். தொய்ந்தால் தையலிலோ, ஊதுகுழல் வால்விலோ கசிவு. பை நன்றாக இருந்தால் ட்ரோன் மூட்டுகளைப் பாருங்கள். மெழுகிட்ட நூலை இன்னும் நாலு சுற்று சுற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது சாண்டரின் சீவாளி. கடினமான சீவாளியோடு புதியவர் மல்லுக்கட்டுவது வீண். 'ஈஸி' ரகம் கேட்டு வாங்குங்கள்.

சுருதி ஆடுவது கையின் குற்றம். ஊதும்போது கை விலகிக் கொடுக்க வேண்டும், மூச்சை இழுக்கும்போது கை அழுத்த வேண்டும். ஊதுவதும் அழுத்துவதும் ஒரே நேரத்தில் நடந்தால் அழுத்தம் எகிறும். சாண்டரையும் இரண்டு ட்ரோன்களையும் அடைத்துவிட்டு, ஒரே ஒரு ட்ரோனைப் பத்து நிமிடம் ஆடாமல் ஒலிக்கவிட்டுப் பழகுங்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கலாம். சுருதி சேர்ப்பதும் பத்து நிமிடம் வாசித்துச் சூடேறிய பிறகுதான். ட்ரோனை நீட்டினால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். இரண்டு ஒலிகளுக்கிடையே கேட்கும் அலை மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது.

இணையத்தில் மிக மலிவாக முழு செட் கிடைக்கிறதே?

வேண்டாம். அடிமட்ட விலைக்கு வருபவை பல சுவரில் மாட்டத்தான் லாயக்கு: மூட்டு கசியும், சாண்டர் சுருதியில் நிற்காது. முதலில் நல்ல பிளாஸ்டிக் பிராக்டிஸ் சாண்டர் மட்டும் வாங்குங்கள்.

வாசித்து முடித்ததும் அப்படியே பெட்டியில் வைக்கலாமா?

கூடாது. உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அடுத்த முறை அதுவே மூச்சோடு உள்ளே போகும். பேக்பைப்பில் வளர்ந்த பூஞ்சையோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு நுரையீரல் அழற்சி மரணம் 2016-இல் 'தோராக்ஸ்' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவானது. துண்டு துண்டாகக் கழற்றி, குழல்களுக்குள் துணி இழுத்துத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். சீவாளியை மட்டும் காய்ந்து வெடிக்கும்படி விடாமல் மூடியுள்ள டப்பியில் வையுங்கள்.