விழுந்துகொண்டே விரியும் பலூன்: கேள்வி பதில்

கேள்வி: வேற்றுக் கோளில் மிதக்கவிடும் பலூனைத் தரையிலேயே நிரப்பாமல் நடுவானில் ஏன் நிரப்ப வேண்டும்?

பதில்: வேற்றுக் கோளில் தரையில் நின்று நிரப்பித் தர ஆள் இல்லை. 1985 ஜூனில் சோவியத் நாட்டின் வேகா 1, வேகா 2 கலங்கள் வெள்ளிக் கோளில் இப்படி இரண்டு பலூன்களை இறக்கின. பாராசூட்டில் தொங்கியபடி இறங்கும்போதே, சுமார் மூன்றரை மீட்டர் விட்டமுள்ள பலூனில் ஹீலியம் நிரம்பியது. பின்பு ஏறத்தாழ 54 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து, ஒவ்வொன்றும் 46 மணி நேரம் அளவுக்குத் தகவல் அனுப்பியது. மனிதன் செய்த அருஞ்செயல்களில் இதற்கு நான் முன்வரிசையில் இடம் தருவேன்.

கேள்வி: இப்படி ஒரு பலூனை ட்ரோனிலிருந்து நானே போட்டுப் பார்க்கலாமா?

பதில்: அனுமதி வாங்காமல் கூடாது. வாங்கினாலும் முதலில் பலூனை மடித்து வைத்திருக்கும் விதத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: செவ்வாய்க்கான பலூனை விமானத்திலிருந்து போட்டுச் சோதித்தால் போதாதா?

பதில்: போதாது. ஆனால் பயனுண்டு. பாராசூட்டில் சீராக இறங்கும்போது பலூன்மீது காற்று மோதும் அழுத்தம், தொங்கும் எடையையும் பாராசூட்டின் அளவையும் பொறுத்தது. காற்றின் அடர்த்தியைப் பொறுத்ததன்று. பூமியில் எடை கூடுதல் என்பதால் பாராசூட்டைப் பெரிதாக்கினால், செவ்வாயில் உள்ள அதே மோதல் அழுத்தம் கிடைத்துவிடும். பலூனை மடித்து வைத்த பை திறப்பது, பலூன் நீள்வது, பாராசூட் கழல்வது ஆகியவற்றின் வரிசையை அதில் பார்க்கலாம்.

கேள்வி: மோதல் அழுத்தம் ஒன்றே என்றால் மறுபடி ஏன் வேறு சோதனை? வீண் செலவுதானே?

பதில்: இல்லை. அதே மோதல் அழுத்தத்தில், செவ்வாயின் மெல்லிய காற்றில் விழும் வேகம் விமானச் சோதனையில் விழுவதைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. தரை தொடுவதற்குள் அவசரமாக நிரப்பியாக வேண்டும். விமானச் சோதனையில் அந்த நெருக்கடியே தெரியாது. வாயுவின் கணக்கும் வேறு. செவ்வாயில் பலூனை நிறைக்கும் ஹீலியம், விமானம் பறக்கும் உயரத்தில் அதன் சிறு பகுதியைத்தான் நிரப்பும். நிரம்பாத மீதிப் பலூன் தோல் கொடியில் காயும் வேட்டி போலப் படபடத்து, மடிப்பு விழுந்த இடத்தில் கிழியும். அதனால்தான் பெரிய பலூன் ஒன்றில் ஏற்றி, 35 கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும். அங்கே காற்றழுத்தம் 6 மில்லிபார் அளவுதான். செவ்வாயின் தரையில் இருப்பதும் அதுவே.

கேள்வி: ஹைட்ரஜன் நிரப்பினால் என்ன?

பதில்: செவ்வாயில் தீப்பிடிக்காது. ஆனால் பூமியில் பிடிக்கும்; சோதனை விமானத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் மலிவாயிற்றே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கேமரா எங்கே பொருத்துவது?

பதில்: இரண்டு வேண்டும். கீழே தொங்கும் சுமையிலிருந்து மேல்நோக்கி ஒன்று, பாராசூட்டின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஒன்று. கிழிசல் எந்த மடிப்பில் தொடங்கியது என்பது ஒரு பக்கப் படத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும்.