‘ரேஸ் இல்லை, ஸ்பீடு டெஸ்ட்தான்’ என்று எழுதி அனுப்பலாமா?

கேள்வி: என்னிடம் 2023-ல் வாங்கிய பி.எம்.டபிள்யூ. எம்340ஐ இருக்கிறது. போன மாதம் ஒரு பந்தயத் தடத்தில் நடந்த டிராக் டேவுக்குப் பணம் கட்டிப் போனேன். காலையில் பயிற்சியாளர் வகுப்பு எடுத்தார்; அப்புறம் இருபது இருபது நிமிடமாக ஓட்டவிட்டார்கள். மூன்றாவது முறை ஓட்டும்போது பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. முன்னால் போன காரின் பின்கதவை உரசி, டயர் சுவரில் மோதி நின்றேன். யாருக்கும் காயமில்லை. பழுதுபார்க்க 11 லட்சத்து 40 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். நான் எடுத்திருப்பது ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ‘வாகனம் ஆர்கனைஸ்டு ரேசிங்கில் பயன்படுத்தப்பட்டதால் கிளைம் நிராகரிக்கப்படுகிறது’ என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். நான் இன்ஸ்டாகிராமில் போட்ட லேப் டைம் படத்தையும் அதில் இணைத்திருக்கிறார்கள். ‘அது ரேஸே இல்லை, என் காரின் ஸ்பீடை டெஸ்ட் பண்ணிப் பார்க்கத்தான் போனேன்’ என்று பதில் மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? உரசிய காரின் உரிமையாளர் 3 லட்சம் கேட்கிறார். ‘யார் மீதும் வழக்குப் போடமாட்டேன்’ என்ற படிவத்தில் இருவருமே கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனோம். ‘இ.சி.ஆரில் நாய் குறுக்கே வந்தது என்று சொல்லியிருந்தால் பணம் வந்திருக்கும்’ என்று நண்பர்கள் திட்டுகிறார்கள். நான் செய்தது தப்பா?
— வாசகர், சென்னை

பதில்: அந்த மெயிலை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் பாலிசியின் முதல் தாளை எடுத்துப் பாருங்கள். வண்டி எண், இன்ஜின் எண், ஐ.டி.வி. (காப்பீட்டுக்காகக் குறிக்கப்பட்ட வண்டி மதிப்பு) எல்லாம் முடிந்த பிறகு, பொடி எழுத்தில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்று ஒரு பத்தி இருக்கும். எந்தெந்தப் பயன்பாட்டுக்குப் பாலிசி செல்லாது என்று அங்கே வரிசையாகச் சொல்லியிருப்பார்கள்: வாடகைக்கு விடுதல், சரக்கு ஏற்றுதல், ஆர்கனைஸ்டு ரேசிங், பேஸ் மேக்கிங், ஸ்பீடு டெஸ்டிங், ரிலையபிலிட்டி டிரயல், மோட்டார் வியாபாரம் தொடர்பான பயன்பாடு. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக இருந்த பழைய விதித்தொகுப்பான இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த வாசகம் இது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் பெரும்பாலும் இதேதான்.

இப்போது நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்கியத்தை அந்தப் பத்திக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ரேசிங் என்ற விலக்கிலிருந்து தப்பிக்க, ஸ்பீடு டெஸ்டிங் என்ற விலக்குக்குள் நீங்களே போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். அவர்கள் சொல்லாத காரணத்தை எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறீர்கள்.

சொல்லாத காரணம் என்றேன். உங்கள் வழக்கின் பலமே அதுதான். நிராகரிப்புக் கடிதத்தில் இருப்பது ஆர்கனைஸ்டு ரேசிங் மட்டும். கடிதத்தில் இல்லாத ஒரு காரணத்தை வழக்கு வந்த பிறகு புதிதாகச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமையும் கம்பெனியுடையதுதான். ஆக, அவர்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அன்று நடந்தது பந்தயம்.

பந்தயம் என்றால் ஒருவரோடு ஒருவர் போட்டி இருக்க வேண்டும். யார் முதலில் என்ற கணக்கு, வரிசைப்படி புறப்பாடு, முடிவில் இடம், பரிசு. நம் நாட்டில் முறையான கார் பந்தயத்தில் ஓட்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு தரும் போட்டி உரிமம் வேண்டும். உங்களிடம் அது கேட்கப்பட்டதா? சாதாரண டிரைவிங் லைசென்ஸைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டிருப்பார்கள். முந்துவதற்கு நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் இருப்பவர் சைகை காட்டினால்தான் அனுமதி என்று காலையிலேயே விதி சொல்லியிருப்பார்கள். முந்த வேண்டுமானால் எதிராளியிடம் அனுமதி கேட்க வேண்டிய பந்தயம் எந்த ஊரிலும் இல்லை. இன்னொன்றும் உண்டு. பாலிசியே ரேசிங்கையும் ஸ்பீடு டெஸ்டிங்கையும் தனித்தனியாகச் சொல்கிறது. அப்படியானால் ரேசிங் என்ற சொல்லைத் தடத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இழுத்துப் போர்த்த முடியாது.

இதற்கு ஆதாரங்களை உடனே சேர்க்க ஆரம்பியுங்கள். கட்டண ரசீது, நிகழ்ச்சிக்கு முன் வந்த மெயில், வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட விதிகள், பயிற்சியாளர் வகுப்பின் அட்டவணை. ‘அன்று போட்டி எதுவும் நடக்கவில்லை, நேரக் கணக்கு வெளியிடப்படவில்லை, பரிசு வழங்கப்படவில்லை’ என்று ஏற்பாட்டாளரிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். அது அந்த லேப் டைம் படம். போனில் ஒரு ஆப்பை ஓடவிட்டு நேரம் பார்த்ததாலேயே பயிற்சிக்குப் போனது வேகச் சோதனை ஆகிவிடாது என்பது என் கருத்து. வண்டி எந்த நோக்கத்துக்குப் பயன்பட்டது என்பதுதான் கேள்வி. ஓட்டியவர் கூடவே வேறு என்ன செய்தார் என்பது அல்ல. ஆனால் இதை ஏற்காத ஒரு நடுவரை என்னால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. அதற்காகப் படத்தை இப்போது அழித்துவிடாதீர்கள். அவர்களிடம் பிரதி இருக்கிறது. அழித்தால் மறைக்கப் பார்த்ததாக ஆகும். கேட்டால், ஆப் ஓடியது என்று உண்மையைச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன் நீங்களாக அதற்குப் பெயர் சூட்டாதீர்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர்கள் நேற்றுப் பிறந்தவர்கள் இல்லை. தடத்தில் ஓடிய காரின் சக்கர வளைவுக்குள் கையை விட்டால் உருகி ஒட்டிய ரப்பர் துணுக்குகள் கையோடு வரும். டயரின் தோள்பட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். பிரேக் டிஸ்க் நீலம் பாரித்திருக்கும். ரேடியேட்டர் ஜாலிக்குள் தடத்தோரச் சரளை இருக்கும். இ.சி.ஆர். நாய் கதை இந்த நான்கையும் தாண்டி நிற்காது. பொய் வெளிப்பட்டால் கிளைம் மொத்தமும் போகும். ஏமாற்றிப் பணம் பெறுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. வாங்கும் முன்பே பிடிபட்டாலும் முயற்சி என்ற அளவில் குற்றம்தான். நீங்கள் உண்மையைச் சொன்னதால்தான் இன்று உங்களுக்காக வாதாட ஏதாவது இருக்கிறது.

‘பம்பர் டு பம்பர்’ என்று கேட்டதும் எல்லாமே அடங்கிவிட்டது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது தேய்மானக் கழிவு பிடிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் கூடுதல் சலுகை மட்டுமே. பயன்பாட்டு வரம்புகளை அது தொடுவதில்லை. வரம்பை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று வாதிடலாமா என்றால், விலக்கு எங்கோ மறைந்து கிடக்கும் வழக்குகளில் அந்த வாதம் ஜெயித்திருக்கிறது. முதல் தாளிலேயே அச்சாகியிருக்கும் உங்கள் வழக்கில் அதை முன்னால் வைக்கமாட்டேன். பாலிசி மீறலே இருந்தாலும் 75 சதவீதமாவது கொடு என்று கேட்பதும் உண்டு. நிதின் கண்டேல்வால் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் அப்படிக் கொடுத்ததை உறுதி செய்தது. ஆனால் அங்கே வாடகைக்கு ஓடிய வண்டி திருடுபோனது. மீறலுக்கும் இழப்புக்கும் தொடர்பில்லை. இங்கே தடத்தில் ஓட்டியபோதுதான் மோதியது. மாற்றுக் கோரிக்கையாக ஒரு வரி சேர்க்கலாம், நம்பி இருக்க வேண்டாம். பிரேக் டிஸ்க், பேடு செலவையும் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் எப்படியும் வராது. அதைக் கேட்டால் மீதிக் கோரிக்கையின் மீதும் சந்தேகம் விழும்.

வழி இதுதான். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் முறையீடு. மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மன். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் வரை தீர்ப்புத் தரலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே கிடைப்பது திருப்தியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்குக் கெடு 2 ஆண்டு. வரிசையை மாற்றாதீர்கள். நுகர்வோர் வழக்கு நிலுவையில் இருந்தால் ஓம்பட்ஸ்மன் எடுக்கமாட்டார்.

இனி அந்த இன்னொரு கார். ‘சாரி புரோ, நான் பார்த்துக்கிறேன்’ என்று ஏதாவது வாட்ஸ்ஆப் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் போடாதீர்கள். கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. உங்கள் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை காப்பு இருக்கும். ரேசிங் என்ற காரணம் விழுந்தால் அந்தக் காப்பும் உயிர்பெறும். அதனால் அவர் 3 லட்சம் கேட்பதை இன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் காரணம் செல்லும் என்று ஆகிவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான். பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவிலேயே கம்பெனிக்குக் கிடைக்கும் எதிர்வாதங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் உங்களுக்கும் ஏற்பாட்டாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். ‘மற்ற பங்கேற்பாளர்கள் மீதும்’ என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அவரைத் தடுக்காது. இருந்தாலும்கூட, அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு தரப்பா என்ற சண்டை பாக்கி இருக்கும். புரூக்லாண்ட்ஸ் வழக்கை சட்டக் கல்லூரியில் நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் பந்தயக் கார் வேலியில் பாய்ந்து பார்வையாளர்களைத் தாக்கியது. 23 ஆண்டுகளில் அப்படி நடந்ததே இல்லை என்பதால் கிளப் பொறுப்பல்ல என்று 1932-ல் தீர்ப்பு. விளையாட்டோடு வரும் ஆபத்தை வந்தவர் ஏற்றுக்கொள்கிறார் என்ற அந்தத் தத்துவம் உங்களுக்கும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டாவது முறை ஓட்டி முடித்தபோதே மிதி மென்மையாக இருந்ததா? மிதி பஞ்சாவது பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடுவதால்தான், முன்னெச்சரிக்கை இல்லாமல் வருவது அபூர்வம். தெரிந்தும் மூன்றாவது முறை போயிருந்தால் அது விளையாட்டின் ஆபத்து இல்லை, உங்கள் கவனக்குறைவு. அப்படியானால் கம்பெனியின் சம்மதத்தோடு பேசி முடிப்பதே நியாயம் என்பேன்.

போலீஸ் வழக்கு பயம் வேண்டாம். பந்தயத்தைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் பொது இடத்தில் நடத்துவதைத்தான் சொல்கிறது. 2024 ஆகஸ்டில் தீவுத்திடலைச் சுற்றி எஃப்4 கார்கள் ஓடியது தெருவில்; அதனால்தான் அரசே முன்னின்றது. பூட்டிய தடத்துக்கு அது பொருந்தாது. ஆனால் யாருக்காவது உயிர் போயிருந்தால், கவனக்குறைவால் மரணம் என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இடம் பார்ப்பதில்லை.

நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டீர்கள். நூறு கிலோமீட்டரை ஐந்து நொடிக்குள் தொடும் காரை இ.சி.ஆரில் அவிழ்த்துவிடாமல் தடத்துக்குக் கொண்டுபோனீர்கள். அதில் எனக்கு உங்கள் மேல் மரியாதைதான். விபத்து வழக்குகளில் பிணவறை வாசல் வரை போய் நின்றவன் நான். இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி தடமும் நிரம்பி வழிந்தால் சந்தோஷப்படுவேன். ரோட்டில் பறப்பவனின் கிளைமுக்குக் கம்பெனி பணம் தருகிறது, ஹெல்மெட் போட்டு, பயிற்சியாளர் சொன்னபடி ஓட்டியவனுக்கு மறுக்கிறது என்பது எனக்கு ஏற்கவே முடியாத ஏற்பாடு. டாரிஃபில் ஐ.எம்.டி. 31 என்று ராலிக்கான ஒரு சேர்க்கை உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டினால் கிடைக்கும். அதிலும் ரேசிங், ஸ்பீடு டெஸ்டிங் சேராது என்று வெட்டிவிட்டார்கள். அதனால் அடுத்த முறை போகும் முன் தேதி, இடம் எல்லாம் குறிப்பிட்டு, ‘இதற்குக் காப்பு உண்டா’ என்று கம்பெனிக்கே மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜெண்ட் போனில் ‘அதெல்லாம் வரும் சார்’ என்றால் அது பதில் ஆகாது. தனிநபர் விபத்துப் பாலிசியையும் கார் வாரண்டியையும் அதே கண்ணோடு படியுங்கள். தடத்துக்காகச் செய்த மாற்றங்களோடு ரோட்டில் திரும்பினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரை போகும், சிறையும் உண்டு.

கார் இப்போது ஒர்க்ஷாப்பில்தானே நிற்கிறது? கிளைம் மறுக்கப்பட்ட வண்டிக்கு நாள் வாடகை போட ஆரம்பிப்பார்கள். முறையீடு நடக்கிறது என்று அவர்களுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பழுதுபார்க்கத் தொடங்கினால், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, பழையதை வாங்கி வீட்டில் வையுங்கள். நிராகரிப்புக் கடிதம் வந்த உறையைக் குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுங்கள். ஒரு வருடக் கெடு எண்ணப்படும்போது அதன் மேலுள்ள தபால் முத்திரை தேவைப்படலாம்.