கத்தரி நிற்கும் நொடி

கேள்வி: கோவையில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகக் கலையரங்கில் காதலைப் பற்றி நான்கு குறுநாடகங்கள் போடுகிறோம். நான்கையும் இயக்குவது மாணவர்களே. என்னுடையது 15 நிமிடம். காதல் வசனம் வந்தாலே நடிப்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள், ஒத்திகை பார்க்க வருபவர்கள் விசில் அடிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: நடிப்பவர்களைத் திட்டாதீர்கள். கையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டு "உன்னை விரும்புறேன்" என்று சொல்லச் சொன்னால் யாருக்கும் கூச்சம் வரும். முதலில் கைக்கு வேலை கொடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிள் என்று வையுங்கள். அவள் பிசிறு வெட்டுகிறாள், அவன் பீஸ் எண்ணிக் கட்டுகிறான். "நாளைல இருந்து நான் வரமாட்டனுங்க" என்கிறான். அவள் கத்தரி ஒரு நொடி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. அவன் எண்ணிக்கை தவறி ஒன்றிலிருந்து தொடங்குகிறான். இதற்குமேல் காதல் என்ற சொல் எதற்கு?

நம் ஊர்ப் பேச்சில் 'ங்க' ஒன்றே பாதி நாடகத்தைச் சுமக்கும். பத்து நிமிடம் "சொல்லுங்க, வாங்க" என்றிருந்தவள் ஒரே ஒரு இடத்தில் அதை விட்டு "போ" என்றால் கடைசி வரிசைக்கும் புரியும். ஆனால் வரிக்கு வரி "ஏனுங்" போட்டுவிடாதீர்கள். அப்புறம் எல்லாமே காமெடி ஆகிவிடும்.

விசில் வரத்தான் செய்யும். அதன்மேலேயே பேசினால் அடுத்த இரண்டு வரி யாருக்கும் கேட்காது; முழுக்க அடங்கட்டும் என்று நின்றால் வேகம் செத்துவிடும். சத்தம் பாதியாகும்வரை கைவேலையைத் தொடர்ந்துவிட்டுப் பேசட்டும். நான்கைந்து நண்பர்களை உட்காரவைத்து, வேண்டுமென்றே விசில் அடிக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

தொடும் காட்சி இருந்தால் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். எந்தக் கை, எங்கே, எத்தனை நொடி என்பதை முதல் வாரமே முடிவுசெய்துவிடுங்கள். மேடையில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டிப்பிடித்தால் காலர் மைக் துணியில் உரசிக் கரகரக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாசிக்கும்போது 11, 12 நிமிடத்தில் முடிகிற பிரதிதான் மேடையில் 15 நிமிடம் பிடிக்கும். நான்கு நாடகத்துக்கும் ஒரே மேசை, இரண்டு ஸ்டூல் போதும். அவற்றின் கால்கள் நிற்கும் இடங்களில் தரையில் டேப் ஒட்டினால் ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிடலாம். தலைக்கு மேல் விளக்கு மட்டும் எரிந்தால் கண்குழி இருட்டடித்துவிடும், முகபாவம் தெரியாது. முன்புறம் இரு பக்கத்திலிருந்தும் சாய்வாக ஒளி விழ வேண்டும்.

கடைசி இருட்டுக்கு விளக்குப் போடுபவரிடம் வசனத்தை அடையாளமாகக் கொடுக்காதீர்கள், விசிலில் அது அவருக்குக் கேட்காது. கத்தரியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அது நின்று, மறுபடி ஓடி, மூன்று பிசிறு விழுந்ததும் அணைக்கட்டும்.