டெமோ ஓடுகிறது, கேமை வாங்கலாமா?

வாசகர் கேள்வி: என்னிடம் இருப்பது நான்கு ஆண்டு பழைய லேப்டாப். 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. ஸ்டீம் என்னும் இணைய கேம் கடையில் ஏறக்குறைய 3,000 ரூபாய் விலையுள்ள ஓர் ஆர்பிஜி கேமின் (ஒரு கதாபாத்திரமாக மாறிக் கதையோடு விளையாடும் வகை) டெமோவை அரை மணி நேரம் விளையாடினேன். பிடித்திருந்தது, ஆனால் சில இடங்களில் திக்கித் திக்கி ஓடியது. டெமோவை நம்பிப் பணம் போடலாமா?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த லேப்டாப் அந்த கேமைத் தாங்குமா என்பதற்கு டெமோ பெரும்பாலும் நம்பத்தக்க பதிலைத் தந்துவிடும். நாற்பது மணி நேரம் ஓடக்கூடிய கேம் கடைசிவரை உங்களுக்குப் பிடிக்குமா என்பதற்கு அது பாதிப் பதில்தான் தரும். ஆகவே முதலில் லேப்டாப்பைச் சோதித்துவிடுங்கள்.

சார்ஜரைச் செருகிக்கொண்டு விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்கள் கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைத் தாமாகவே குறைத்துவிடும். ஸ்டீம் செட்டிங்ஸில் உள்ள இன்-கேம் பகுதியில், ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள், அதாவது படங்கள், வருகின்றன என்பதைத் திரையின் மூலையில் காட்டும் வசதி இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளுங்கள். பிறகு, இடைவிடாமல் குறைந்தது முக்கால் மணி நேரம் விளையாட வேண்டும். முதல் பத்து நிமிடத்தை வைத்து லேப்டாப்பை எடை போடக் கூடாது. ஆரம்பத்தில் 60 ஃபிரேம் காட்டிய அதே இயந்திரம், உள்ளே சூடேறி விசிறி இரையத் தொடங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்து 40-க்கு இறங்குவது சாதாரணமாக நடப்பதுதான். அந்த இறங்கிய எண்ணில்தான் நீங்கள் கேம் முழுவதையும் விளையாடப்போகிறீர்கள்.

அடுத்து, நீங்கள் சொன்ன திக்கல். ஒரு தெருவின் திருப்பத்தில் திக்குகிறது என்றால், அதே திருப்பத்துக்குத் திரும்பி வந்து இரண்டு முறை நடந்து பாருங்கள். முதல் முறை மட்டும் திக்கி, அடுத்தடுத்த முறை சரளமாக ஓடினால், கிராபிக்ஸ் கார்டுக்குத் தேவையான ஷேடர் என்னும் சிறு நிரல்களை கேம் அப்போதுதான் தயார்செய்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது போகப்போகக் குறையும். ஒவ்வொரு முறையும் திக்கினால், கேமை நிறுத்தாமலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரியைப் பாருங்கள். அது 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்பதோடு, டிஸ்க்கும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தால், குறை கிராபிக்ஸ் கார்டில் இல்லை. 8 ஜிபி ரேம் போதவில்லை. உங்கள் லேப்டாப்பில் காலியான ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கேமைவிட அதுதான் முதலில் வாங்க வேண்டிய பொருள் என்பது என் கருத்து. மெமரியில் இடம் இருந்தும் திக்கினால் கேமின் செட்டிங்ஸில் டெக்ஸ்சர் தரத்தை, அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை, குறைத்துப் பாருங்கள்; 1650-இல் இருப்பது 4 ஜிபி வீடியோ மெமரிதான்.

இனி இரண்டாவது கேள்வி. 1993-இல் டூம் என்னும் துப்பாக்கிச் சண்டை கேம் வெளிவந்தபோது அதன் மூன்று பாகங்களில் முதல் பாகத்தை முழுமையாக இலவசமாகக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டுக்குத்தான் பணம் கேட்டார்கள். இன்றைய டெமோக்கள் எல்லாம் அவ்வளவு தாராளமானவை அல்ல. 2021-இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் டெமோவுக்குத் தரப்பட்டது 60 நிமிடம். டிராகன் குவெஸ்ட் 11 எஸ் டெமோவோ ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடுவதுடன், அதில் சேவ் செய்துவைத்த ஆட்டத்தை முழு கேமிலும் தொடர முடியும். எதுவானாலும், அதிகம் மெருகேற்றப்பட்ட பகுதியே டெமோவாக வரும் என்பதை மறக்க வேண்டாம். ஆர்பிஜியில் கதைக் காட்சிகளைக் கண்டு மயங்காமல், வழியில் எதிர்ப்படும் சாதாரணச் சண்டைகளைக் கவனியுங்கள். முழு கேமில் அவற்றை நூற்றுக்கணக்கான முறை போடப்போகிறீர்கள். பத்தாவது சண்டையிலேயே சலிப்புத் தட்டினால் அந்தச் சலிப்பை நம்புங்கள். லேப்டாப் திரையில் வசன எழுத்துகள் கண்ணை உறுத்தாமல் தெரிகின்றனவா, கன்ட்ரோலர் இல்லாமல் கீபோர்டிலேயே சமாளிக்க முடிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

வரவிருக்கும் கேம்களின் டெமோக்களை வெளியிடும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் போன்ற விழாக்களில் வரும் டெமோ என்றால், அது வெளியீட்டுக்கு மாதக்கணக்கில் முந்தைய பதிப்பாக இருக்கலாம். அப்போது டெமோ நன்றாக ஓடியது என்பதை மட்டும் வைத்து வாங்காமல், வெளிவந்த கேமின் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவைகளை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஊசலாடினால், ஸ்டீமில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டெமோவில் செலவிட்ட நேரம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் கேம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சேரும். நான் ஒருமுறை கேமை இடையில் நிறுத்திவைத்துவிட்டு, மூடாமல் சாப்பிடப் போய், திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறேன். டெமோவின் சேவ் தொடரும் கேம் என்றால் டெமோ முடிந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். இரண்டு மணி நேரமும் நீங்கள் இதுவரை பார்க்காத பகுதிக்கே கிடைக்கும். இந்த விதி ஸ்டீமுக்கானது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே, கேமில் பழுது இருந்தாலொழிய, பணம் திரும்பாது. ஸ்டீமில் விண்ணப்பிக்கும்போது பணம் எங்கே வர வேண்டும் என்று கேட்பார்கள். வேறு கேம் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் ஸ்டீம் வாலட்டைத் தேர்ந்தெடுக்காமல், நீங்கள் பணம் செலுத்திய வழியையே குறிப்பிடுங்கள்.